வில்லைக்குச் சொன்ன பொய்கள்

என் குரலால் பதினோரு பேர் மயங்கி விழுந்தார்கள். பாட்டுப் பாடி விழவைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. "சாப்ட்டியளா?" என்று கேட்டேன், அவ்வளவுதான். அதற்கே ஒருவர் மாடிப்படியில் விழுந்தார், ஒருவர் மீன் மார்க்கெட்டில் விழுந்தார், ஒருவர் ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின் நடுவே விழுந்தார். அந்தக் கடைசி ஆள் விஷயத்தில் மட்டும் பழி முழுவதும் என்னுடையதுதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

என் பெயர் அமலோற்பவம். பாவ மாசில்லாமல் உற்பவித்தவள் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். ஊரில் அமலம்மா என்றால் தெரியும். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சமைத்தேன். சோறு இறங்காத பிள்ளைகளுக்கு வாய்க்கு ஒரு வரி என்று கதை சொல்லி இறக்குவேன். ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓயவில்லை. போனில் பேசிப் பதிந்து அனுப்ப ஆரம்பித்தேன். எழுபது வயதில் எனக்கு நாற்பதாயிரம் பேர் காது கொடுத்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம் டாக்டர் வான்மதி என்னைத் தேடி வந்தார். சேலத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது, நேர்வகிடு, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். அவர் கூட்டத்தார் நாடித்துணை என்று ஒரு சாமான் செய்திருந்தார்கள். புளியங்கொட்டை அளவு இருக்கும். கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. அதுவே நேரம் பார்த்து, அளவு பார்த்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும். நாங்கள் அதை வில்லை என்றோம்.

"வில்லை ரத்தத்தைப் பாத்துக்கும்மா" என்றார் டாக்டர். "ஆனா வயித்துல இருக்கறது ரத்தத்துக்கு வந்து சேர நேரமாகும். அதுக்குள்ள மருந்து இறங்கிடுது. சில மருந்துக்குக் கீரை ஆகாது, சிலதுக்கு இளநீர் ஆகாது, சிலதுக்குக் காபியே ஆகாது. சாராயம் எதுக்குமே ஆகாது. அதனால மருந்தை விடறதுக்கு முன்னாடி, காதுல மாட்டற பொத்தான்ல ஒரு குரல் கேட்கும். என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்கன்னு. பதிலை வெச்சு அளவைக் கூட்டும், குறைக்கும்."

"நல்லதுதான. அதுக்கு நான் எதுக்கு?"

"இப்ப இருக்கற குரலு ரயில் வருது போகுதுன்னு சொல்ற குரலு. ஜனங்க அணைச்சுப் போட்டுடறாங்க. யாரும் அணைக்க மனசு வராத ஒரு குரல் வேணும்."

இப்படி ஒரு வார்த்தை கேட்டபின் எந்தக் கிழவிக்குத்தான் தலைகால் புரியும்? மூன்று நாள் ஒரு சின்ன அறையில் உட்கார்த்தி இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் பேசவைத்தார்கள். "சாப்ட்டியளா?" என்பதை மட்டும் பதினாறு விதமாகச் சொன்னேன். கூலியாக எனக்கே ஒரு வில்லை வைத்துவிட்டார்கள். என் இதயம் சில வருஷமாகத் தாளம் தப்பி அடிக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து, அழுத்தத்துக்கு ஒரு மருந்து, இரண்டும் அதில்.

மறுநாள் காலை என் காதில் என் குரலே கேட்டது. "சாப்ட்டியளா தாயி? என்ன சாப்ட்டிய?" அப்படி ஒரு கனிவு! எனக்கே கண் கலங்கியது. அப்போது என் வயிற்றில் நாலு இட்லியும் அதற்குமேல் நேற்றைய கருவாட்டுக் குழம்பும் இருந்தன. "ரெண்டு இட்லி" என்றேன். என்னிடமே நான் பொய் சொன்னேன், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு.

மூன்று மாதம் எல்லாம் பிரமாதம். தென் மாவட்டம் முழுக்க ஒருவர்கூடக் குரலை அணைக்கவில்லை. நான் கடைக்குப் போனாலும் காதில் கைவைத்து என்னைக் கும்பிட்டார்கள். கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்றால் பாதி உண்மை. நன்றாகவே நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு டாக்டர் வான்மதி ஒரு பட்டியலோடு வந்தார்.

"பதினோரு பேர் விழுந்திருக்காங்க. பதினோரு பேரும் கேட்டதும் 'ஆச்சு'ன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தரும் சாப்பிடலை. வெறும் வயித்துல முழு அளவு இறங்கியிருக்கு. ஏம்மா, உயிர் காக்கற மெஷினுகிட்ட எதுக்குப் பொய்?"

"அது பொய்யில்ல டாக்டரம்மா."

"சாப்பிடாம சாப்பிட்டேன்னா அதுக்குப் பேரென்ன?"

"மரியாத. ஒருத்தரு வீட்டு நடையில நிக்கும்போது சாப்ட்டியளான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லணும். இல்லன்னு சொன்னா கேட்டவுக இருக்கிற சோத்தத் தூக்கி நமக்கு வச்சிட்டு அவுக பட்டினி கெடப்பாக. அவுக வீட்டுப் பானையில என்ன இருக்கோ நமக்கென்ன தெரியும்? அதான் ஆச்சு. நீங்க சேலத்துல எப்பிடிச் சொல்வீய?"

டாக்டர் பட்டியலை மடித்தார். "நாங்களும் ஆச்சுன்னுதான் சொல்வோம்" என்றார். "இத்தனை பேர் உக்காந்து ரெண்டு வருஷம் யோசிச்சோம். ஒருத்தருக்குக்கூட இது தோணலை பாருங்க."

அந்தப் பேச்சு முடிவதற்குள் பன்னிரண்டாவது ஆள் விழுந்த செய்தி வந்தது. ஜெரால்டு.

ஜெரால்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிரேன் எல்லாம் தானாக ஓடும் காலம் இது. தானாக ஓடுவது தப்பாக ஓடினால் நிறுத்துவதற்கு மேலே ஒரு கூண்டில் ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். முழித்துக்கொண்டிருப்பதுதான் வேலையே. ஜெரால்டுக்கு இருந்த வியாதியோ, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுகிற வியாதி. வில்லை வந்த பிறகுதான் அவன் அந்தக் கூண்டில் ஏற முடிந்தது. அது அவனுக்கு விழிக்கவைக்கும் மருந்தும், அந்த மருந்து நெஞ்சைத் துரத்தாமலிருக்க இன்னொரு மருந்தும் விட்டது. முப்பத்தெட்டு வயது. பிரிட்டா என்று ஒரு மனைவி, இரண்டு பெண்கள். என் கதை ஒன்றுவிடாமல் கேட்பவன். சனிக்கிழமை கொஞ்சம் குடிப்பான்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தபோது முகம் சாம்பல் பூத்துக்கிடந்தது.

"குடிச்சியான்னு நாங் கேட்டனாடா?"

"கேட்டிய."

"நீ என்ன சொன்ன?"

"இல்லம்மான்னேன்."

"ஏம்ல?"

அவன் சுவரைப் பார்த்தான். "ஒங்க கொரல்ல கேட்டா எப்பிடிச் சொல்ல? 'கொஞ்சம் ஊத்திக்கிட்டியோ ராசா'ன்னு கேக்கிய. ஆமான்னா ஒங்க மூஞ்சி எப்பிடிப் போவும்னு நெனைச்சேன். போலீஸ்காரன் கேட்டாக்கூடச் சொல்லிருப்பேன்."

டாக்டர் வான்மதி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "குடிச்சது ரத்தத்துல வந்து சேர்றதுக்குள்ள, இல்லைன்ன பேச்சை நம்பி வில்லை முழிக்க வைக்கற மருந்தை முழுசா இறக்கிடுச்சு. அந்த மருந்து இருந்தா போதை ஏறினதே தெரியாது. தெரியலைன்னதும் இன்னும் ரெண்டு ஊத்தியிருக்காரு. ரெண்டும் சேர்ந்து நெஞ்சை அடிச்சுத் துவைச்சிருக்கு. ஏணியில ஏறும்போது விழுந்தாரு, பாதி ஏணிதான் ஏறியிருந்தாரு, பிழைச்சாரு. இன்னொரு தடவை இப்படின்னா அந்த நெஞ்சு திரும்ப ஓடாதும்மா."

"அப்ப அந்த மருந்த நிறுத்திருங்க."

"நிறுத்தினா தூங்கி விழுவாரு. வேலை போயிடும். அவரு உண்மையைச் சொன்னா மட்டும்தான் வழி. குடிச்சேன்னு சொன்னா வில்லை பன்னிரண்டு மணி நேரம் முழிக்கற மருந்தை விடாது. அன்னைக்கு ஷிப்டுக்குப் போகாம வீட்டுல படுத்துத் தூங்கலாம். உயிர் இருக்கும்."

முதலில் குரலை மாற்றிப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். "என்ன சாப்பிட்டாய்? உண்மையைச் சொல்." ஒரே வாரம். பாதிப் பேர் அணைத்துவிட்டார்கள். மீதிப் பேர் பதில் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் வில்லை பயந்துகொண்டு சொட்டு மருந்துதான் விடும், அதிலும் நாலு பேர் படுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டாம் நாள் என் குரலையே திரும்ப வைத்தார்கள்.

"உங்க குரல்ல கேட்டா பொய், வேற குரல்ல கேட்டா பதிலே இல்லை" என்றார் டாக்டர். அப்போது நாங்கள் ஜெரால்டின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தோம். பிரிட்டா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டிக்கொண்டே திடீரென்று, "அமலம்மா, இது உங்க பதிலுங்க. தொண்ணூத்தி நாலு நாள். தொண்ணூத்தி நாலு நாளும் ரெண்டே ரெண்டு இட்லியா?" என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது.

"வயசான காலத்துல என்னத்தத் திங்க முடியும்..."

"உங்க ரத்தம் வேற சொல்லுதே. ஒரு நாள் உறையவே மாட்டேங்குது, ஒரு நாள் கெட்டியாப் போகுது. கீரை சாப்பிடறீங்களா?"

"லேசா."

"எவ்வளவு லேசா?"

பிரிட்டா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தப்ப வழியில்லை. சொன்னேன். பக்கத்து வீட்டு முருங்கை காற்றில் முறிந்தால் அன்றைக்கு எனக்குக் கீரை ஒரு சட்டி, பருப்புப் போட்டு, தேங்காய் தூவி. முறியாத வாரம் ஒரு இலைகூட இல்லை. கருவாடு தினமும். சாளைக் கருவாட்டைச் சுட்டு, சுடுசோற்றில் வைத்து, மேலே நல்லெண்ணெய் விட்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு. மகள் வீடியோவில் கூப்பிட்டால் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பேன். வாசனை வீடியோவில் போகாது என்பதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்வதால் அதுவும் ஒருவகை ஜெபம்தான்.

"கீரை ரத்தத்தை உறைய வைக்கும், ஆனா விஷம் இல்லைம்மா" என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "தினமும் ஒரே அளவா ஒரு கைப்பிடி சாப்பிடுங்க, மருந்தை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கலாம். நேத்து ஒரு சட்டி, இன்னைக்கு ஒண்ணுமில்லைன்னா மருந்து எங்க போயி நிக்கும்? கருவாட்டைப் பத்தி நான் பேசவே இல்லை. அது உப்புல போட்ட மீனா, மீனுல போட்ட உப்பான்னே தெரியலை."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். ஜெரால்டு சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்து இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கெழம மட்டும்னு சொன்னேம்லா. பொதங்கெழமையும்தான்" என்றான்.

பிரிட்டாவின் கையிலிருந்து ஆரஞ்சுச் சுளை விழுந்தது.

"பெறவு வெள்ளி. வெள்ளிக்கெழம பாதிதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பலகையைக் கீழே வைத்தார். "மூணு மாசமா இதைத்தான் நாங்க கேட்டோம்" என்றார்.

அன்றிலிருந்து கேள்வி கேட்கிற விதம் மாறியது. வில்லை முதலில் என் குரலில் என் பாவம் ஒன்றைச் சொல்லும், அப்புறம்தான் கேட்கும். "இன்னைக்கு யாரும் பாக்காம ரெண்டு துண்டு கருவாடு தின்னுட்டேன் மக்கா. ஒன் பாடு என்ன?" அவ்வளவுதான். கதவு உடைந்தது போலக் கொட்டினார்கள். உப்பளத்துக் கணக்கர் ஒருவர், டாக்டர் தடுத்த இளநீரைத் தினமும் மூன்று குடித்ததை நாற்பது நிமிஷம் சொன்னார். சாப்பிடாதவர்கள் சாப்பிடவில்லை என்றார்கள். ஜெரால்டும் சொன்னான். சொன்ன நாளெல்லாம் வீட்டில் படுத்துத் தூங்கினான். குடிக்கிற நாள் மூன்றிலிருந்து இரண்டாயிற்று, ஒன்றாயிற்று.

நல்லது நடக்கும்போதே எனக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. ஒரே பாவத்தைத் தினமும் சொன்னால் எடுபடாது. வாரத்துக்கு முப்பது புதுப் பாவம் வேண்டும் என்றார்கள். ஆனால் டாக்டர் என் உணவை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். தினமும் ஒரு கைப்பிடி கீரை, உப்புக் குறைந்த ரசம், கருவாடு அறவே கிடையாது. என் நாடி திருந்திவிட்டது. திருந்திய கிழவியிடம் பாவத்துக்கு எங்கே போவது? கற்பனைதான். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டுக் குரல் பதிகிற அறைக்குப் போய், வஞ்சிரம் வறுத்த வாசனையைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். குடிக்கிறவர்களுக்காகக் குடித்ததாகவும் பேச வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் பூசையில் திராட்சை ரசத்தில் நனைத்துத் தந்த அப்பத்தைத் தவிர மது நாக்கில் பட்டதில்லை. ஆனாலும் பேத்தி கல்யாணத்தில் பிராந்தி குடித்தேன் என்று பேசினேன். எனக்குப் பேத்தியும் கிடையாது. மக்கள் என்னைத் திட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். "அமலம்மா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா, ஒடம்பப் பாத்துக்கிடுங்க." எனக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி வைத்தவர்கள்கூட உண்டு.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் வான்மதி வந்தார். சிரிப்பே இல்லை.

"ஜெரால்டு வியாழக்கிழமை ஸ்கூட்டர்ல போகும்போது தூங்கிட்டாரு. உப்பு லாரிக்குப் பக்கத்துல விழுந்திருக்காரு. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தா ஆள் இல்லை. முழங்கை தேஞ்சதோட போச்சு."

"மறுபடியும் குடிச்சிட்டானா?"

"குடிச்சேன்னு வில்லைக்கிட்ட சொல்லியிருக்காரு. வில்லை மருந்தை நிறுத்திடுச்சு. ஆனா ரத்தத்துல ஒரு சொட்டு இல்லை. இந்த மாசம் அஞ்சு தடவை இப்படிச் சொல்லியிருக்காரு, அஞ்சு ஷிப்ட் போச்சு. இன்னொண்ணு போச்சுன்னா கூண்டுல வேற ஆள் போட்டுருவாங்களாம். குடிக்காத மனுஷன் எதுக்கும்மா குடிச்சேன்னு சொல்றாரு? நான் கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு."

மதியம் இரண்டு மணி வெயிலில் ஜெரால்டு வீட்டுக்குப் போனேன். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். பிரிட்டா எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

"ஏல, குடிச்சியா?"

"இல்ல."

"பெறவு எதுக்குக் குடிச்சேன்னு சொன்ன?"

"நீங்க சொன்னிய. பேத்தி கல்யாணத்துல குடிச்சேன்னு."

"அதுக்கு?"

"ஒத்தையில ஒங்கள விட்டா நல்லாவா இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. என் மேலேதான். "மடப்பயலே, அது பூராவும் பொய்ல. நான் கருவாடு தொட்டு ஒம்பது மாசமாச்சு. பிராந்தி எந்த நெறத்துல இருக்கும்னே எனக்குத் தெரியாது. எனக்குப் பேத்தியே கெடையாது. ஒங்க வாயப் புடுங்கத்தான் அப்பிடிச் சொன்னேன். அத நம்பி ஒரு மனுசன் லாரிக்கு அடியில போவானா?"

ஜெரால்டு சிரிக்கவில்லை. "நான் எங்க நம்புனேன்?" என்றான். "பிராந்தி கருப்பட்டி மாதிரி இனிச்சிச்சுன்னு சொன்னியளே, அன்னைக்கே தெரியும். கருவாடும் அப்பிடித்தான். தெனமும் திங்கிறவ ரெண்டு துண்டு தின்னேன்னு சொல்லிட்டுப் போயிருவா. நீங்க மூணு நிமிசம் வாசனையப் பத்திப் பேசுனிய. கெடைக்காதவுகதான் அப்பிடிப் பேசுவாக."

"தெரிஞ்சே சொன்னியா?"

"எனக்காகப் பச்சப் பொய்யா சொல்லுதிய. இந்த வயசுல, குடிகாரிங்கற பேரையும் வாங்கிக்கிட்டு. பதிலுக்கு நானும் ஒண்ணு சொல்லாட்டி மரியாதையா இருக்குமா?"

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இனிமே எனக்கு மரியாத வேண்டாம்ல" என்றேன். "நாளையிலருந்து நான் கஞ்சி குடிச்சா கஞ்சின்னுதான் சொல்லப்போறேன். நல்லாயில்லன்னு வேணா அணைச்சிட்டுப் போங்க. நீயும் உள்ளத மட்டும் சொல்லு. ஒன் பொண்டாட்டி புள்ளைங்க மேல ஆணையா கேக்குதேன்."

அவன் தலையாட்டினான். அந்த நேரம் பார்த்து அவன் காதில் கேள்வி வந்துவிட்டது. அவன் முகம் மாறியதிலிருந்தே தெரிந்தது. காதுப்பொத்தானிலிருந்து கசிந்த என் குரல் எனக்கே லேசாகக் கேட்டது. ஏதோ ஒரு பொய்யைக் கனிவாகச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் ஊத்திக்கிட்டியோ ராசா?" என்றது. ராசா எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவியைப் பார்த்தான்.

"சொல்லு" என்றேன்.

"குடிக்கல" என்றான்.

வில்லைக்கு அந்த ஒரு சொல் போதும். டிக்கென்று ஒரு சத்தம், மருந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவன் நிறுத்தவில்லை.

"ஆனா குடிக்கணும்போல இருக்கு. காலையில இருந்தே இருக்கு. சர்ச்சுக்குப் போனாலும் இருக்கு, புள்ளைகளக் கொண்டு விட்டாலும் இருக்கு."

இதைக் கேட்கும் வாக்கியம் இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை.

"எனக்கும்தாம்ல" என்றேன். "இப்ப வாரப்ப ஒங்க தெரு முக்குல யாரோ சாளக் கருவாடு சுடுதாக. ரெண்டு நிமிசம் அங்கயே நின்னுட்டேன். அந்த வீட்டுக்காரி வெளிய வந்து யார் வேணும்னு கேட்டா. ஒன் வீட்டுக்கு வழி கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"நேராப் போயி கடைசி வீட்டுக் கதவத் தட்டுங்கன்னா. அதான் தட்டுனேன்."

அடுப்படியிலிருந்து பிரிட்டா இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை அவனிடமும் ஒன்றை என்னிடமும் நீட்டினாள்.

"மோரு. உப்புப் போடல" என்றாள். "ரெண்டு பேரும் மூஞ்சியச் சுளிக்காமக் குடிங்க. சுளிக்கணும்னா சுளிச்சிக்கிடுங்க, ஆனா நல்லாருக்குன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."